சங்கத்துப் பாலும் வீட்டுக் கர்ப்பிணியும்

நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் நூல் விலை பேசப்படுகிறது, பயிர்க்கடன் பேசப்படுகிறது, பாலுக்கு லிட்டர் ஒன்றுக்கு என்ன கிடைக்கிறது, இன்னும் என்ன கிடைக்க வேண்டும் என்பது மிக விரிவாகவே பேசப்படுகிறது. அங்கத்தினர் வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உயிர்ச்சத்து எவ்வளவு என்ற பேச்சு மட்டும் அங்கே எழுவதில்லை. அஃது ஆஸ்பத்திரியைச் சேர்ந்த விஷயம், சங்கத்தைச் சேர்ந்ததன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்குவது சரியன்று என்பதே நான் சொல்ல வந்தது. அந்தப் பெண்ணுக்குக் குறைவாக இருக்கும் உயிர்ச்சத்துகளுள் முக்கியமான ஒன்று, நாம் காலையும் மாலையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு வரும் பாலிலேயே இருக்கிறது. அவள் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனையோ தறிக்கூலியில் அரை நாளை விழுங்குகிறது. இரண்டும் நம் கணக்குப் புத்தகத்திலேயே வருகின்றன.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கர்ப்பத்தின்போது நஞ்சிலிருந்து சுரக்கும் சில சுரப்புநீர்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. சிசுவுக்குச் சர்க்கரை தட்டின்றிக் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. இதை ஈடுசெய்யத் தாயின் கணையம் வழக்கத்தினும் அதிகமாக இன்சுலினைச் சுரக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அவ்வாறே சுரக்கிறது. சுரக்க இயலாதவர்க்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சைக் கடந்து சிசுவிடம் செல்லும்; தாயின் இன்சுலின் செல்லாது. ஆகவே சிசு தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பருக்கிறது. பிரசவம் கடினமாகிறது. பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து ஆபத்து நேர்வதும் உண்டு. நாலரைக் கிலோக் குழந்தை என்று உறவினர் மகிழும் செய்தி எப்போதும் நல்ல செய்தியன்று. பிரசவத்துக்குப் பின் தாயின் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். எனினும் இந்நோய் கண்ட தாய்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, காணாத தாய்க்கு இருப்பதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு என்று, பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளியிட்ட கணக்குக் கூறுகிறது.

இது பட்டணத்துக்காரர் நோய், வெயிலில் களையெடுக்கும் நம் பெண்களை அண்டாது என்று நம்புவோர் பலர். 2008-இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று நகரம், சிற்றூர், கிராமம் என மூவகை இடங்களிலும் கர்ப்பிணிகளைச் சோதித்தது. நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிற்றூர்களில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு காணப்பட்டது. கிராமத்தில் குறைவுதான், ஆயினும் பத்துக் கர்ப்பிணிகளில் ஒருத்தி என்றால் அஃது அண்டாத நோயா? அந்நாளுக்குப் பின் நம் பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களிலும் வரகும் கம்பும் சோளமும் இருந்த தட்டில் தீட்டிய வெள்ளரிசி மூன்று வேளையும் ஏறிவிட்டது. மக்காச்சோளம் நம் வயல்களில் அமோகமாக விளைகிறது. அதனைப் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கே அனுப்புகிறோம்.

அந்த ஆய்வை நடத்தியவர்களுள் முதல்வர் டாக்டர் வீ. சேஷய்யா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனித்துறை அமைத்தவர். 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் நமக்குச் செய்த பேருதவி வேறொன்று. முன்னர் இந்தச் சோதனைக்கு இரவு முழுதும் பட்டினி கிடந்து, காலையில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஆண்டிமடத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணிக்கு இஃது இயலுமா? மயக்கம் வரும், அன்றேல் வரவேமாட்டாள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுத்துப் பார்க்கும் எளிய முறையை அவரும் அவருடைய சகாக்களும் வகுத்தனர். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் அனைவரையும் இவ்வாறு சோதிப்பதில் நம் மாநிலம் முன்னோடியாக நின்றது. மத்திய அரசாங்கமும் 2014-இல் இம்முறையையே தேச முழுதுக்கும் விதியாக வெளியிட்டு, 2018-இல் திருத்தியது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

இச்சோதனை இரு முறை செய்யப்பட வேண்டும். கர்ப்பம் பதிவான முதல் வருகையில் ஒரு முறை; சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை. இந்த இரண்டாவது முறையைப் பற்றியே எனக்குக் கவலை. 28 வாரம் என்பது ஏழாம் மாதம். நம் வழக்கத்தில் வளைகாப்பு நடந்து, பெண் தாய்வீட்டுக்குப் போகும் காலம் அதுவே. புகுந்த வீட்டுச் செவிலியர் 'தாய்வீட்டில் பார்ப்பார்கள்' என்று எண்ணுகிறார். தாய்வீட்டுச் செவிலியர் 'அங்கே முடிந்திருக்கும்' என்று எண்ணுகிறார். நடுவில் சோதனை நழுவிவிடுகிறது. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி செய்ய வேண்டிய சோதனைக்கும் இதே கதி. தாய்க்கு நீரிழிவு நிலைத்துவிட்டதா என்று அறிய வேண்டிய நாள் அது. குழந்தையைத் தொட்டிலிலிடும் பரபரப்பில் தாயின் இரத்தத்தை யார் நினைக்கிறார்கள்? வளைகாப்புக்கு நாள் பார்க்கும் மாமியார், சோதனைச் சீட்டையும் பார்த்துவிட்டு நாள் குறித்தால் பாதிக் குறை தீரும். அன்று பரிமாறும் சர்க்கரைப் பொங்கலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சீட்டில் 140-க்கு மேல் இருந்தால் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இனி உயிர்ச்சத்துக்கு வருவோம். இதில் நெசவாளருக்கு உரிய சரித்திரம் ஒன்று உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்குத் துணியாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கடுமையான சோகை கண்டது. எதனால் என்பது புரியவில்லை. அவர் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியாக உள்ள மருத்துவமனையிலும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மலிவான சாறு ஒன்று இந்தச் சோகையைப் போக்குவதை அவர் கண்டு 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றிலிருந்த சத்தைப் பின்னர் 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்றனர். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு நாள்தோறும் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. துணியாலைத் தொழிலாளிப் பெண்களின் துன்பத்திலிருந்து பிறந்த மருந்து இது.

ஆனால் ஃபோலிக் அமிலத்துக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12 தான் அது. உடலில் இவ்விரண்டும் ஒரே தறியில் பாவும் ஊடையும் போல வேலை செய்கின்றன. ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால் துணி நேராக வராது. ஃபோலிக் அமிலம் மட்டும் நிறைந்திருந்தால் பி12 குறைவால் வரும் சோகை வெளியே தெரியாமல் மறையும். நரம்புக்கு வரும் கேடோ உள்ளே தொடரும். அரசாங்கம் தரும் அந்த மாத்திரையில் பி12 இல்லை. சாப்பாட்டிலிருந்து தானாகவே வரும் என்பது எதிர்பார்ப்பு. அது வருகிறதா என்பதே கேள்வி.

வருவதில்லை என்று நம் அண்டை நாடாகிய கர்நாடகம் காட்டியிருக்கிறது. மைசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த எழுநூற்றுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து, 2009-இல் முடிவு வெளியிட்டனர். நூற்றுக்கு 43 பேருக்குப் பி12 குறைவு. குறைவுள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு, குறைவில்லாதோரில் 4.6 பேருக்கே. பி12 குறைந்தவர்களிடையே ஃபோலிக் அமிலம் ஏற ஏற நீரிழிவும் கூடியது. இதற்கு ஓராண்டு முன்னர், 2008-இல், புனாவுக்கு அருகேயுள்ள ஆறு கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு வெளியாயிற்று. அவர்கள் பார்த்தவர்கள் நம்மைப் போன்ற உழவுக் குடும்பத்துப் பெண்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பி12 குறைவு. கர்ப்பத்தில் பி12 தாழ்ந்தும் ஃபோலிக் அமிலம் உயர்ந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கே, ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை அதிகமாகக் காணப்பட்டது. நீரிழிவின் முதற்படி இது.

இவற்றை மிகைப்படுத்திச் சொல்வதும் தவறாகும். மைசூரில் பி12 குறைந்த பெண்கள் உடல் பருமனும் உடையவராயிருந்தனர். பருமனைக் கணக்கில் கழித்துப் பார்த்தால் நீரிழிவோடுள்ள தொடர்பு தளர்கிறது. குறைவுள்ளோர்க்கு நோய் மிகுதி என்று காண்பது வேறு. குறைவை நிரப்பிவிட்டால் நோய் வராது என்று நிறுவுவது வேறு. பி12 ஊசி போட்டால் சர்க்கரை வராது என்று யாரேனும் விற்க வந்தால் அங்கத்தினர்கள் நம்பற்க. அதுபோலவே, இதைப் படித்துவிட்டு எவரேனும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தினால் பெருந்தீங்காகும். சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் குறையின்றி அமைய அம்மாத்திரை வேண்டும். தாயின் சோகைக்கும் வேண்டும். மாத்திரையைக் குறைப்பதில் அறிவில்லை. பி12-ஐக் கூட்டுவதே செய்யத்தக்கது. சோகையும் நரம்புத் தளர்ச்சியும் பி12 குறைவால் வருகின்றன என்பதில் ஐயமே இல்லையாதலால், நீரிழிவைப் பற்றிய வழக்கு எவ்வாறு தீர்ந்தாலும் அச்சத்தைக் கூட்டுவது வீண்போகாது. கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரை உண்டுவரும் பெண்ணுக்கு அம்மாத்திரையாலேயே பி12 குறையக்கூடும். அவள் அதனை மருத்துவரிடம் கேட்டு அளந்து பார்ப்பது நன்று.

பி12 எங்கே கிடைக்கும்? முருங்கைக்கீரையில் இல்லை. ஆண்டிமடத்து முந்திரியில் இல்லை. கேழ்வரகிலும் வரகிலும் இல்லை. புளித்த மாவில் ஊறிவருகிறது என்று சிலர் சொல்லும் பேச்சை நம்பி இட்லியில் தேட வேண்டாம். கீரையும் தானியமும் வேறு நன்மைகளுக்கு அவசியம். இந்தச் சத்து மட்டும் பால், தயிர், மோர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. கொள்ளிடக் கரையோரத்து வீடுகளில் ஆற்று மீன் கிடைக்கும். மற்ற இடங்களில் கருவாடு மலிவு. உப்பு மட்டும் அளவோடு இருக்க வேண்டும். மரக்கறி உண்பவர்க்குப் பாலைத் தவிர வேறு வழியில்லை. நெய்யில் இருக்குமே என்று எண்ணற்க. பி12 கொழுப்போடு போவதன்று. வெண்ணெய் எடுத்த மோரிலேயே தங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுத்துவந்த பெட்டகத்தில் நெய்யும் பேரீச்சம்பழமும் சத்துமாவும் வைத்திருந்தனர். மெலிந்த பெண்ணுக்கு அவை நற்பொருள்களே. ஆனால் பி12-ஐ நெய்யில் எதிர்பார்க்க முடியாது. சர்க்கரை கண்ட பெண்ணோ பேரீச்சம்பழத்தை எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொட வேண்டும். செறிவூட்டிய அரிசிக்கு விதித்த அளவு கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் சுற்றளவே பி12. நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி உண்டால் அதிலிருந்து வருவது கால் பங்கு சொச்சம் மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு வேண்டியதோ நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை மைக்ரோகிராம்.

இருநூறு மில்லி பிடிக்கும் ஒரு தம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பி12 உண்டு. முட்டை ஒன்றில் அரை மைக்ரோகிராம். ஆக, நாளைக்கு இரண்டு தம்ளர் பாலும் ஒரு முட்டையும் தேவையில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பிவிடும். பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டாம். காய்ச்சக் காய்ச்ச இச்சத்து சிறிது குறையும். சர்க்கரை போடவும் வேண்டாம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? விடியலில் கறந்த பால் செம்போடு சங்கத்துக்குப் போகிறது. கொழுப்பும் மற்றத் திடப்பொருளும் அளக்கப்பட்டு, அங்கத்தினர் பெயரில் பற்று வரவு ஆகிறது. வீட்டுக்கென்று நிறுத்தியது அரைப்படி இருந்தால் அது தேநீருக்கு. தேநீரிலும் முதல் தம்ளர் வயலுக்குப் போகும் ஆண்மக்களுக்கு. அடுத்தது பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு. சாணம் அள்ளி, புல் அறுத்துப் போட்டு, அந்த மாட்டைக் கறந்தவள் கர்ப்பிணியாக இருந்தாலும், அவள் பங்குக்கு வருவது தேநீரில் கலந்த நாலு கரண்டிப் பால்தான். எந்த மாமியாரும் மருமகளுக்குப் பால் கூடாது என்று சொல்வதில்லை. கேட்பாரில்லாததால் கொடுப்பாரில்லை, அவ்வளவே. மாடு சினையாக இருந்தால் அதற்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கூட்டி வைக்க எல்லார்க்கும் நினைவிருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். நாளைக்கு இரண்டு தம்ளர் என்றால் நானூறு மில்லி. 270 நாளுக்கு 108 லிட்டர். அந்தப் பாலுக்குச் சங்கத்தில் கிடைக்கும் விலை போய்விடும். சிறு குடும்பத்துக்கு இது விளையாட்டுத் தொகையன்று, ஒப்புக்கொள்கிறேன். ஒரே கறவை வைத்து அதன் கடனையும் பாலிலேயே அடைக்கும் அங்கத்தினரிடம் போய் 'பாலை ஊற்றாதே' என்று உபதேசிப்பது எளிது. ஆகையால்தான் இதை வீட்டுக்கு விட்டுவிடாமல் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். அங்கத்தினர் வீட்டில் கர்ப்பம் பதிவானால், கடன் தவணையில் அந்த நானூறு மில்லியின் விலையைப் பிரசவம் வரை பிடிக்காமல் தள்ளிவைக்கலாம். தள்ளிவைப்பதே, தள்ளுபடியன்று. சங்கத்துக்கு நஷ்டமில்லை.

பட்டுத்தறி ஓடும் வாரியங்காவல், இலையூர், ஜெயங்கொண்டம் பக்கத்து அன்பர்கள், 'எங்களுக்கு மாடு ஏது?' என்று கேட்கக்கூடும். அவர்கள் நிலை வேறு. அங்கே பால் விலைகொடுத்து வாங்கும் பொருள். பெண்டிர் நாள் முழுதும் வீட்டுக்குள் தார் சுற்றுவதிலும் குழித்தறியில் உட்காருவதிலும் கழிக்கின்றனர். வெயில் படுவதில்லை. வைட்டமின் டி வெயிலிலிருந்து தோலில் உண்டாவது; அது குறையும் என்பதில் வியப்பில்லை. மைசூரில் நல்ல வெயிலிருந்தும் கர்ப்பிணிகளில் மூவரில் இருவர்க்கு அது குறைவாயிருந்தது. ஆனால் அங்கே அக்குறைவுக்கும் கர்ப்பகால நீரிழிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எலும்புக்கு வேண்டும் என்பதற்காக அதனைக் கவனிக்கலாம். சர்க்கரைக்கு அஞ்சி வைட்டமின் டி குப்பிகளை வாங்கி அடுக்க வேண்டியதில்லை. நெசவாளர் வீட்டில் சர்க்கரைக்கு நேரான காரணம் உட்கார்ந்தே இருப்பதும் சோற்றின் அளவும்தான். உண்டபின் கால் மணி நேரம் தெருவில் நடப்பதும், மூன்று வேளைச் சோற்றை ஆறு சிறு வேளையாகப் பிரித்து உண்பதும் பலர்க்கு மருந்தில்லாமலே சர்க்கரையை இறக்கிவிடுகின்றன. வரகுக்கு மாறிவிட்டேன் என்று மூன்று தட்டு வரகுச் சோறு உண்பவர்க்கும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இரண்டு வாரம் உணவைச் சீராக்கியும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 120 மில்லிகிராமுக்குக் கீழே வராவிட்டால் மருந்தோ இன்சுலினோ மருத்துவர் சொற்படி தொடங்க வேண்டும். இன்சுலின் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் போட வேண்டும் என்ற பயம் இங்கே பொருந்தாது. கர்ப்பகால நீரிழிவில் பெரும்பாலோர்க்குப் பிரசவத்தோடு அது நின்றுவிடுகிறது.

நெசவாளர் சங்கம் செய்யக்கூடியது கூலியைப் பற்றியது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். போக வர நேரம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வீட்டில் அரை நாள் என்பது அரை நாள் சோறு. கர்ப்பத்தில் இரு முறை, பிரசவத்துக்குப் பின் ஒரு முறை, ஆக ஒன்றரை நாள் கூலி. ஓரளவு இலாபம் காணும் சங்கம் தன் பொது நன்மை நிதியிலிருந்து இதைக் கொடுக்க முடியாதா? சங்கத்து விழாவில் பொன்னாடை போர்த்துவதற்குச் செலவாகும் தொகையைச் செயலாளர் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டு விடை சொல்லட்டும். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரில் தலைமை ஆஸ்பத்திரி உள்ளது. சோதனையோ அதற்கும் முன்னதாகவே, ஊருக்கருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, காசின்றிச் செய்யப்படுகிறது. குறை மருந்திலன்று, போகும் அரை நாளிலும் வீட்டில் நிற்காத இரண்டு தம்ளரிலுமே உள்ளது.

வரும் மகாசபைக்கு எழுத்தில் தீர்மானம் கொடுக்க விரும்பும் அங்கத்தினர், பால் சங்கமாயின் தவணைத் தள்ளிவைப்பையும், நெசவாளர் சங்கமாயின் ஒன்றரை நாள் கூலியையும் குறிப்பிட்டு, நோட்டீஸ் காலம் முடியுமுன் செயலாளரிடம் சேர்த்து ரசீது பெற்றுக்கொள்க.